மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா

மலாய் இலக்கியம் பயிலும் நம் கிள்ளான் பிள்ளைகள் முன்ஷி அப்துல்லாவின் பெயரை அறிவார்கள். அப்பெயருக்குப் பின்னே நாகூர் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருப்போம்?

அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தார். அன்னாருடைய பாட்டனாரின் தந்தை யமன் தேசத்து அரபியர். நாகூருக்கு வந்து அங்கேயே மணமுடித்தவர். பாட்டனார் மலாக்காவுக்குக் கப்பலேறி, மீரா லெப்பையின் மகளார் பெரியாச்சியை மணந்தார். தந்தை அப்துல் காதிர் வணிகர், மகா கண்டிப்பானவர்.

வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நாளைய மலாக்காவில் கணக்கு எழுதியது தமிழில். ஆகவே வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்பினர். அப்துல்லாவும் இரண்டரை ஆண்டு கற்றார். ஒருநாள் தந்தை வெளியே சென்றிருந்தபோது, சீன வணிகரிடம் கடன் வாங்கவிருந்த மாலுமித் தலைவர் ஒருவர் பத்திரம் எழுத வந்தார். சிறுவர் தாமே எழுதிக் கொடுத்துவிட்டார். தந்தை கடிந்தார், உள்ளுக்குள் பூரித்தார்.

இளவயதிலேயே ராபிள்ஸ் துரையிடம் எழுத்தராக அமர்ந்தார். இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால் முன்ஷி ஆனார். பின்னர் கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு மலாய் போதித்து, அவர்களுடைய வேத மொழிபெயர்ப்பையும் திருத்திக் கொடுத்தார். இதனால் ஊரார் அவரைப் பாதிரி என்றே ஏசினர். அவரோ கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். அந்த ஏச்சு நியாயமன்று என்பதே நம் கருத்து. அச்சுக்கோக்கும் தொழிலை அவர் கற்றதும் அப்பாதிரிமார்களிடந்தான்.

1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். 1838இல், கிளந்தானில் உள்நாட்டுப் போர் மூண்டு சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு முடங்கியபோது, கடிதங்களுடன் அங்கே அனுப்பப்பட்டார். வழியில் கண்ட ஆட்சிக் கேடுகளை ஒளிக்காமல் எழுதினார். அரசர்களின் அநீதியைச் சாடிய அவர் பேனா ஆங்கிலேயரிடம் சற்று இளகியே நின்றது என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. அவருடைய சுயசரிதையான ஹிகாயத் அப்துல்லா 1849இல் கல்லச்சில் வெளிவந்தது. 1819இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது அவர் அங்கில்லை. அப்பகுதி கேட்டறிந்து எழுதியது.

1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஆலப்புழை, கள்ளிக்கோட்டைத் துறைகளைத் தொட்டுச் சென்ற அப்பயணத்திலேயே காலமானார். பயணக் குறிப்பு முற்றுப்பெறாமல் நின்றது. அவர் மகனார் முகம்மது இபுராகிம் பிற்காலத்தில் ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்தார்.