ஐந்தே கட்டையில் தந்தி அடித்தவர்!

பிரான்ஸ் நாட்டில் மான்யோ என்று ஒரு சிறிய கிராமம். அங்கே ஒரு விவசாயியின் வீட்டில், 1845-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எமில் போடோ என்பது அவன் பெயர்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் படிப்பு படித்தான். அதோடு சரி. பிறகு தகப்பனாருடன் வயலில் வேலை.

தந்தி ஆபீசில்

1869-ல் போடோ தந்தி இலாகாவில் சேர்ந்தார். மோர்ஸ் முறையில் தந்தி அடிக்கக் கற்றார். எழுத்துக்களை அச்சடிக்கும் ஹியூஸ் தந்தி எந்திரத்திலும் பயிற்சி பெற்றார்.

அப்போது ஒரு குறையைக் கண்டார். ஒரு கம்பியில் ஒருவர் தந்தி அடித்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே கம்பி சும்மா கிடந்தது. அந்த நேரத்தைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் என்ன?

இலாகா அவருக்கு ஊக்கம் அளித்தது. ஆனால், ஆராய்ச்சியை வேலை நேரத்தில் செய்யக்கூடாது. சொந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும்! அவருக்கோ உடல்நலம் சரியில்லை. ஆனாலும் விடவில்லை.

32 விதம்

1874-ல் புதிய எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஆர்மோனியக் கட்டை போல ஐந்தே கட்டைகள். இடது கைக்கு இரண்டு. வலது கைக்கு மூன்று.

ஒரு கட்டையை அழுத்தலாம். அல்லது சும்மா விடலாம். ஆக இரண்டு விதம். இரண்டு கட்டை என்றால் நான்கு விதம். மூன்றில் 8, நான்கில் 16, ஐந்தில் 32. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ள 26 எழுத்துக்களுக்கும் இது போதும்!

ஒரு சக்கரம் சுழன்று, ஒவ்வொருவருக்கும் முறைப்படி கம்பியைக் கொடுத்தது. முறை வந்ததும் "டக்" என்று சத்தம் கேட்கும். தாளம் தவறாமல் அழுத்த வேண்டும். மறு முனையில் எழுத்துக்கள் காகித நாடாவில் அச்சாகி வரும்.

1877-ல் பாரிஸ்-போர்டோ நகரங்களுக்கு இடையே இந்த முறை நடைமுறைக்கு வந்தது. 1878-ல் பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

சோகம்

1890-ல் போடோ திருமணம் செய்துகொண்டார். மூன்றே மாதத்தில் மனைவி இறந்து போனார். நோயும் அவரை விடவில்லை. 1903-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, 57-வது வயதில் காலமானார்.

வானொலியில் வாழ்கிறார்

1926-ல், தந்திக் குறிகளின் வேகத்தை அளக்கும் அளவுக்கு அவர் பெயரைச் சுருக்கி "பாட்" என்று பெயர் வைத்தார்கள். நொடிக்கு ஒரு குறி என்றால் ஒரு பாட்.

அவரது எழுத்து முறையைப் பின்னால் வந்தவர்கள் மாற்றி அமைத்தார்கள். ஆனால் ஐந்து என்ற கணக்கு மாறவில்லை. இன்றும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பலர் "ரேடியோ டெலிடைப்" முறையில் பேசிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தட்டினால், அது இரண்டு ஒலிகளாக மாறும். ஓர் ஒலி அழுத்திய கட்டைக்கு. மற்றது அழுத்தாத கட்டைக்கு. ஓர் எழுத்துக்கு ஐந்து குறி. தொடக்கத்தையும் முடிவையும் காட்டத் தனிக் குறிகள் உண்டு. வேகம் பெரும்பாலும் 45 பாட். கடல் தாண்டி இருப்பவரின் திரையில் அந்த எழுத்து தெரியும்.

கம்பி போய்விட்டது, கட்டையும் போய்விட்டது. விவசாயி மகன் போட்ட கணக்கு மட்டும் வானத்தில் உலவுகிறது!